400 படம் என்பது எத்தனை நாள் வேலை?

கேள்வி இதுதான்: பாம்பனில் விசைப்படகில் போகும் மச்சானுக்கு 41 வயது. திருவிழாக் காலத்தில் வள்ளி திருமண நாடகத்தில் பபூன் வேடம் கட்டுவார். தனுஷ்கோடிக்கு ஷூட்டிங் வந்தபோது கூட்டத்தில் நின்ற அனுபவம் உண்டு. டெல்லி கணேஷ் போல 400 படம் செய்கிற கேரக்டர் ஆர்ட்டிஸ்ட் ஆக ஆசைப்படுகிறார். இந்த வயதுக்கு மேல் முடியுமா, எங்கே தொடங்குவது?

முதலில் வயது. அது தடையே இல்லை. அப்பா, தாய்மாமன், ஏட்டு, வாத்தியார், சம்மாட்டி (படகு முதலாளி), வட்டிக்குக் கொடுப்பவர் என்று குணச்சித்திர வேடங்களில் பெரும்பகுதி 40-க்கு மேற்பட்ட முகங்களுக்குத்தான். டெல்லி கணேஷ் 1944-ல் வல்லநாட்டில் பிறந்தவர். 1964 முதல் 1974 வரை விமானப்படையில் இருந்தார். டெல்லியில் தக்ஷிண பாரத நாடக சபாவில் நடித்துவிட்டு, 1977-ல் வந்த 'பட்டினப் பிரவேசம்' வழியாகத்தான் சினிமாவுக்குள் வந்தார். அப்போது அவருக்கு 33 வயது. 'டெல்லி' என்ற முன்னொட்டு பாலசந்தர் வைத்தது. 1979-ல் வந்த 'பசி' படத்தில், 35 வயதிலேயே, வயதுக்கு வந்த பெண்ணுக்கு அப்பாவாக நடித்துவிட்டார். குடிசைப் பகுதியில் ரிக்‌ஷா இழுக்கும் அந்த வேடத்துக்குத் தமிழக அரசின் சிறப்புப் பரிசும் கிடைத்தது. 2024 நவம்பரில் 80 வயதில் காலமாகும் வரை நடித்துக்கொண்டிருந்தார்.

இப்போது 400 என்ற எண்ணைப் பிரித்துப் பார்க்கலாம். 47 வருடத்தில் 400 படம் என்றால் வருடத்துக்கு எட்டரை. கதாநாயகன் ஒரு படத்துக்கு 60, 70 நாள் கொடுப்பார். குணச்சித்திர நடிகருக்குப் பல படங்களில் நாலு நாள், சிலவற்றில் 15 நாள். சராசரியாக எட்டு நாள் என்று வைத்தாலும் வருடத்துக்கு 70 நாளைத் தாண்டாது. மீதி 290 நாளில்தான் டிவி தொடர், டப்பிங், மேடை நாடகம், குறும்படம் எல்லாம் வந்து உட்காருகின்றன. ஆக, நானூறு படம் செய்ய அசுர உழைப்பு வேண்டும் என்பதைவிட, 47 வருடம் விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும்படி ஒருவர் இருக்க வேண்டும் என்பதே சரி. உங்கள் மச்சான் யோசிக்க வேண்டியதும் இதைத்தான். முதல் வாய்ப்பு எப்படி வரும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். அது கடற்கரையில் ஷூட்டிங் வரும்போது தானாகக்கூட வந்துவிடும். இரண்டாவது, மூன்றாவது முறை அதே ஆட்கள் ஏன் கூப்பிடுகிறார்கள் என்பதில்தான் தொழில் இருக்கிறது.

டெல்லி கணேஷை ஏன் கூப்பிட்டார்கள்? பெரிய காரணம், பேச்சு. 'பசி'யில் சென்னைக் குடிசைப் பகுதிப் பேச்சு. 'சிந்து பைரவி'யில் (1985) கச்சேரிக்குக் குடித்துவிட்டு வரும் மிருதங்க வித்வான். 'நாயகன்' படத்தில் (1987) வேலு நாயக்கருக்கு ஹிந்தியைத் தமிழாக்கிச் சொல்லும் அய்யர். 'அபூர்வ சகோதரர்கள்' படத்தில் (1989) நாலு வில்லன்களில் ஒருவர். அடுத்த வருடமே 'மைக்கேல் மதன காமராஜ'னில் பாலக்காட்டுத் தமிழ் பேசும் சமையல்காரர் மணி அய்யர். குரல் ஒன்றே. சொல்லின் நீட்டமும் மூச்சு விடும் இடமும் மட்டும் ஆளுக்கு ஆள் மாறுகின்றன.

அந்த மணி அய்யர் வேடத்தில், கல்யாணச் சாம்பாருக்குள் மீன் விழுந்துவிடும் கட்டத்தை உங்கள் மச்சானைத் திரும்பத் திரும்பப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் தடவை சிரித்துவிட்டு, இரண்டாம் தடவை சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்க்கட்டும். சிரிக்க வைக்க வேண்டும் என்ற எண்ணமே அந்த முகத்தில் தெரியாது. சைவச் சமையல் என்று வாக்குக் கொடுத்த ஒருவரின் மானம் போகப்போகிறது, அந்தப் பதைப்பு மட்டும்தான் இருக்கும். சிரிப்பு நமக்கு, அவருக்கு அது ஆபத்து. மேடையில் பபூன் வேடம் கட்டிப் பழகியவருக்கு இந்த இடம்தான் மிகக் கடினம்.

ஏனென்றால், வள்ளி திருமணம் போன்ற ஸ்பெஷல் நாடகத்தில் பபூன் கூட்டத்தைப் பார்த்துப் பேசுகிறார். ஒரு வரி சொன்னதும் சிரிப்பு அடங்கும் வரை நிற்கிறார். கேமரா முன்னால் அந்தப் பழக்கம் வந்தால் வரிக்குப் பின்னால் ஒரு வெற்றிடம் விழும். எடிட்டிங்கில் அதை வெட்டப்போனால் எதிரே நிற்பவரின் பதிலும் சேர்ந்து போகும். இரண்டாவது, மேடைக் குரல். கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும் என்று பேசும் குரல், குளோஸ் ஷாட்டில் கத்துவதுபோல் இருக்கும். புருவம், கை எல்லாமே அப்படித்தான். வீட்டில் ஒருவரை ஐந்தடி தூரத்தில் உட்காரவைத்து, அவர் ஒருவருக்கு மட்டும் கேட்கும்படி அதே நாடக வசனத்தைச் சொல்லிப் பழகினால் ஒரு மாதத்தில் பெருமளவு குறையும். நாடகத்தால் வரும் நன்மையும் சின்னதல்ல. விடிய விடிய வசனம் மறக்காமல் நிற்கும் மனப்பாடமும், எதிராளி இடறினால் தூக்கிப் பிடிக்கும் சமயோசிதமும் எந்தப் பயிற்சிப் பள்ளியும் ஆறு மாதத்தில் தராதவை. முறையான பயிற்சியே வேண்டுமென்றால் 1977-ல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறையின் வழி இருக்கிறது. பசுபதி, குரு சோமசுந்தரம், கலைராணி எல்லாம் அங்கிருந்து வந்தவர்கள்.

நம் ராமநாதபுரம் மண்ணிலிருந்து போனவர்களைப் பார்த்தால் ஆளுக்கொரு பாதை. முதுகுளத்தூர்ப் பக்கம் இளஞ்செம்பூரில் பிறந்த செந்தில் சிறுவயதில் வீட்டைவிட்டுப் போய், கிடைத்த வேலையெல்லாம் செய்து, நாடகம் வழியாக நுழைந்தவர். கீழக்கரை ராஜ்கிரண் விநியோகம், தயாரிப்பு என்று பணப் பக்கத்திலிருந்து வந்து பிறகு நடிகரானவர். ஆயிரம் படங்களுக்கு மேல் நடித்த மனோரமா வளர்ந்த பள்ளத்தூர், 1985-ல் மாவட்டம் பிரியும் வரை ராமநாதபுரத்தோடு இருந்த ஊர்தான். அவரும் நாடகமேடைதான். இன்னொரு பாதை எம்.எஸ்.பாஸ்கருடையது. டப்பிங் குரலாக உழைத்து, 'சின்ன பாப்பா பெரிய பாப்பா' தொடரில் பட்டாபியாக வீடு வீடாகத் தெரிந்து, 'மொழி' போன்ற படங்களுக்கு வந்து, 'பார்க்கிங்' படத்துக்காக 2023-ம் ஆண்டுக்கான தேசிய விருதுவரை போனவர். டிவிக்குப் போனால் சினிமாவில் மதிப்புக் குறைந்துவிடும் என்று பயமுறுத்துபவர்களுக்கு அவர் பெயர் போதும்.

பேச்சுக்கு மறுபடி வருகிறேன், ஏனென்றால் பாம்பனிலிருந்து போகும் ஒருவருக்கு இதுதான் கையிருப்பு. சென்னையில் எழுதும்போது தென்மாவட்டம் என்றாலே வசனத்தில் 'ஏலே' போட்டுவிடுகிறார்கள். அது நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்துச் சொல். 'அங்கிட்டு இங்கிட்டு' என்பது நமக்கும் மதுரைக்கும் பொது. கீழக்கரையில் வாப்பா, உம்மா, லாத்தா, காக்கா என்று ஓடும் பேச்சு வேறு. பாம்பன், தங்கச்சிமடத்தின் கடல் தொழில் பேச்சு வேறு. கமுதி, முதுகுளத்தூர்க் கரிசல் பேச்சு வேறு. மூன்றையும் பிரித்துப் பேசத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால், தமக்கு வேடம் இல்லாவிட்டாலும் மற்ற நடிகர்களுக்குப் பேச்சு சொல்லிக்கொடுக்கவாவது கூப்பிடுவார்கள். ஆனால் அதோடு, எந்த ஊர் என்று தெரியாத பொதுத்தமிழும் பேசத் தெரிய வேண்டும். இல்லையென்றால் மீனவர் வேடம் மட்டுமே வரும். மீனவர் படம் வருடத்துக்கு எத்தனை வரும்?

வாய்ப்புக் கேட்டு அனுப்ப வேண்டியவை. ஐந்து புகைப்படம் போதும்: நேர்முகம், இடது, வலது, முழு உருவம், இரண்டு நாள் தாடியோடு ஒன்று. ஃபில்டர் வேண்டாம், கறுப்புக் கண்ணாடி வேண்டாம், தலைக்கு மை வேண்டாம். நரைதான் இவருடைய முதலீடு. பிறகு ஒரு நிமிட வீடியோ: பெயர், வயது, உயரம், ஊர், தெரிந்த மொழிகள், தெரிந்த வேலைகள். வேலைகள் என்றால் படகு ஓட்டுவது, வலை பின்னுவது, வீச்சுவலை எறிவது, கடலில் நீந்துவது. நமக்குச் சாதாரணமாகத் தோன்றும் இதற்குத்தான் அவர்கள் டூப் தேடுகிறார்கள். அதன் பிறகு ஒரு நிமிடக் காட்சிகள் இரண்டு, ஒன்று கடற்கரைப் பேச்சில், மற்றது பொதுத்தமிழில். போனைப் படுக்கைவாக்கில், கண் உயரத்தில், ஐந்தடி தள்ளி வைக்க வேண்டும். வெளிச்சம் முகத்துக்கு எதிரே இருக்கும் ஜன்னலிலிருந்து வரட்டும். கடற்கரையில் போய் எடுக்கும் ஆசை வரும், வேண்டாம். காற்று மைக்கில் அறைந்து ஒரு சொல்லும் கேட்காது. வீட்டுக்குள் மின்விசிறியை நிறுத்திவிட்டு எடுங்கள்.

வேடம் வாங்கித் தருகிறேன், பதிவுக் கட்டணம் கட்டு, சங்க உறுப்பினர் கார்டு எடுக்கப் பணம் கொடு என்று கேட்பவர் யாராக இருந்தாலும் அந்தப் பேச்சு அதோடு முடிய வேண்டும். நடிப்பது வேலை, வேலைக்குக் கூலி இந்தப் பக்கம்தான் வர வேண்டும். 1952-ல் தொடங்கிய தென்னிந்திய நடிகர் சங்கம் ஒன்று, சின்னத்திரை நடிகர்களுக்கு ஒன்று, டப்பிங் கலைஞர்களுக்கு ஒன்று என்று சங்கங்கள் தனித்தனி. உறுப்பினராவது பற்றி நேரே அந்தந்த அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம், நடுவில் ஆள் தேவையில்லை.

முதல் வசன வேடம் கிடைத்துவிட்டது என்று வையுங்கள். செட்டில் நடப்பது இது. முதலில் மாஸ்டர் ஷாட், காட்சி முழுவதும் அகலமாக. பிறகு சஜஷன், அதாவது எதிராளியின் தோளுக்கு மேலாக. பிறகு குளோஸ். ஒரே வசனத்தை மூன்று நான்கு முறை, வேறு வேறு கோணத்தில் சொல்ல வேண்டும். மாஸ்டரில் 'நாளைக்கு' என்ற சொல்லில் டீ கிளாஸைத் தூக்கியிருந்தால் குளோஸிலும் அதே சொல்லில்தான் தூக்க வேண்டும். மாறினால் இரண்டு ஷாட்டும் ஒட்டாது. ஒட்டாத ஷாட்டை எடிட்டர் என்ன செய்வார்? புதியவரின் குளோஸை எடுத்துவிட்டு ஹீரோவின் முகத்தைப் போட்டுவிடுவார். திரையில் தன் காட்சி குறைந்துவிட்டது என்று வருந்தும் பலருக்கு உண்மைக் காரணம் இந்த டீ கிளாஸ்தான். அதனால் கைவேலை ஒன்றே ஒன்று வைத்துக்கொள்ளட்டும், அதையும் ஒரு சொல்லோடு முடிச்சுப் போட்டுக்கொள்ளட்டும். இன்னொன்று, குணச்சித்திர நடிகருக்குப் பேசும் நேரத்தைவிடக் கேட்கும் நேரம் அதிகம். எதிராளி பேசும்போது தன் அடுத்த வரியை மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தால் கண் செத்துப்போகும், கேமராவில் அப்பட்டமாகத் தெரியும்.

தனுஷ்கோடி மணலில் ஷூட்டிங் என்றால் கூடுதல் தொல்லைகள் உண்டு. தரையில் நிற்குமிடம் குறிக்க டேப் ஒட்டாது. சிப்பியோ குச்சியோ நட்டுவைப்பார்கள். குனிந்து பார்க்காமல் அதில் போய் நிற்க, அங்கிருந்து பின்னோக்கி நடந்து எத்தனை எட்டு என்று எண்ணிவைத்துக்கொள்வதே வழி. மணலில் கால்தடம் பதியும், அடுத்த டேக்குக்கு முன் அதை அழிப்பார்கள். அந்த நேரத்தில் குறுக்கே நடக்கக் கூடாது. ஒட்டுத்தாடி, ஒட்டுமீசை உப்புக்காற்றிலும் வேர்வையிலும் ஓரத்தில் கிளம்பும். தடவித் தடவிப் பார்க்காமல் மேக்கப் உதவியாளரைக் கூப்பிட வேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் அங்கே பதிவாகும் ஒலி பெரும்பாலும் வழிகாட்டியாக மட்டும்தான் உதவும். வசனத்தைச் சென்னையில் டப்பிங் பேச வேண்டியிருக்கும்.

டப்பிங்கை யாரும் முன்கூட்டிச் சொல்லித்தருவதில்லை, அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். இருட்டறை, எதிரே திரையில் உங்கள் முகம், வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் மைக். காட்சியைத் துண்டு துண்டாக ஓட்டுவார்கள். கவனிக்க வேண்டியது உதடு மூடும் எழுத்துகளை: ப, ம. 'அப்ப நாளைக்குப் போகலாமா?' என்று நடிக்கும்போது சொல்லியிருந்தால் உதடு மூன்று இடத்தில் மூடும்: 'ப்ப'-வில், 'ப்போ'-வில், 'மா'-வில். டப்பிங்கில் அதைச் 'சரி, நாளைக்கு வர்றீகளா?' என்று மாற்றச் சொன்னால் எங்கேயும் உதடு ஒட்டாது. திரையில் வாய் மூடியிருக்க, குரல் ஓடிக்கொண்டிருக்கும். 'அப்ப நாளைக்குப் பார்ப்பமா?' என்றால் கிட்டத்தட்ட உட்கார்ந்துவிடும். இயக்குநரிடம் இப்படி ஒரு மாற்றுச் சொல்லை எடுத்துக்கொடுக்கிற நடிகரை அடுத்த படத்துக்கும் கூப்பிடுவார்கள். 'ப'-வை மைக்குக்கு நேரே ஊதினால் 'டப்' என்று சத்தம் விழும். முகத்தைச் சற்றே ஒருபக்கம் சாய்த்துச் சொன்னால் தவிர்க்கலாம். ஓடிவந்து பேசும் காட்சியென்றால் நின்ற இடத்திலேயே நாலு குதி குதித்து மூச்சிரைப்பை வரவழைத்துக்கொண்டு பேசுவது நல்லது. நடிப்பாக இரைத்தால் பொய் தெரியும்.

டிவி தொடர் இன்னொரு உலகம். ஒரு நாளில் எட்டுப் பத்துக் காட்சிகள் எடுத்தாக வேண்டும், ஒரே வீட்டில் நடக்கும் காட்சிகளையெல்லாம் சேர்த்து எடுப்பார்கள். காலையில் 112-ம் எபிசோடில் அழுதுவிட்டு, மதியம் 109-ல் சிரிக்க வேண்டியிருக்கும். துணை வேடத்துக்குப் பொதுவாக மாதம் ஐந்து முதல் பத்து நாள். பல தொடர்களில் பிராம்ப்டிங் உண்டு: உதவி இயக்குநர் வரியைப் படிக்கப் படிக்க, நடிகர் சொல்ல வேண்டும். இதில் புதியவர்கள் செய்யும் தவறு, அடுத்த சொல்லுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு கண்ணை ஓரிடத்தில் நிறுத்திவிடுவது. அல்லது படிப்பவரின் ராகத்திலேயே வரியை முடிப்பது. காட்சித்தாளை முன்னாலேயே வாங்கி இரண்டு முறை படித்துவிட்டால், பிராம்ப்டிங் ஞாபகப்படுத்த மட்டும் பயன்படும். உடையும் பெரும்பாலும் நம்முடையதுதான். ஆறு வேட்டி, எட்டுச் சட்டை, பளபளப்பில்லாதது, பொடிக்கட்டம் இல்லாதது. பொடிக்கட்டமும் மெல்லிய கோடும் கேமராவில் அலை அலையாக நெளியும். ஒவ்வொரு காட்சி முடிந்ததும் போனில் தன்னை ஒரு படம் எடுத்து, காட்சி எண்ணோடு வைத்துக்கொள்ள வேண்டும். திருநீறு எத்தனை விரல், கடிகாரம் எந்தக் கை, சட்டையில் எத்தனை பட்டன் என்பது மூன்று வாரம் கழித்துக் கேட்கப்படும்.

தொடரிலும் சினிமாவிலும் தேதி மோதும், அதில்தான் நல்ல நடிகர்கள்கூடப் பெயரைக் கெடுத்துக்கொள்கிறார்கள். சினிமாவில் இவருடைய தேதி இவர் கையில் இல்லை, காம்பினேஷன் உள்ள, அதாவது சேர்ந்து நடிக்கும், ஹீரோவின் தேதியைப் பொறுத்தது. தொடருக்கோ ஒளிபரப்பு நிற்காது. ஆள் வரவில்லை என்றால் அந்தப் பாத்திரத்தை வெளியூருக்கு அனுப்பிவிடுவார்கள், அல்லது 'இவருக்குப் பதில் இவர்' என்று போட்டுவிடுவார்கள். மீசையும் ஒரு சிக்கல். தொடரில் மழித்துவிட்டுப் படத்தின் பேட்ச் ஒர்க்குக்கு, அதாவது விட்டுப்போன துண்டுக் காட்சிகளை எடுக்க, போய் நின்றால் பழைய காட்சியோடு ஒட்டாது. புதிதாக எதை ஒப்புக்கொள்ளும்போதும், முடிந்துபோனதாக நினைக்கும் படத்தின் மேனேஜரிடம் 'பேட்ச் ஒர்க் பாக்கி இருக்கிறதா, முடி வெட்டலாமா' என்று கேட்டுவிட வேண்டும்.

பணம் பேசும்போது கேட்க வேண்டியவை: நாள் கணக்கா மொத்தமா, எத்தனை நாள், ஷூட்டிங் ஒரு கால்ஷீட் நேரத்தைத் தாண்டி ஒன்றரை கால்ஷீட் போனால் கணக்கு என்ன, பயணமும் தங்குமிடமும் யாருடையது, டப்பிங் இதில் சேர்த்தியா. பாக்கியை டப்பிங்குக்கு முன் வாங்கிவிடுவது தொழிலில் பழக்கம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். டப்பிங் முடிந்தபின் கேட்கப்போனால் கையில் பிடிமானம் எதுவும் இருக்காது. டிடிஎஸ் (சம்பளத்திலேயே பிடித்துக்கொள்ளும் வருமானவரி) பிடித்திருந்தால் வருமானவரிக் கணக்கு தாக்கல் செய்தால்தான் திரும்பி வரும். பான் கார்டு முதலிலேயே எடுத்து வைக்கட்டும்.

வீட்டை விட்டுவிட்டு இப்போதே சென்னைக்கு மூட்டை கட்ட வேண்டியதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு எப்படியும் கரையில்தான் நிற்கும். நாடகம் இல்லாத நாளாகப் பார்த்து அதில் மூன்று வாரம் சென்னையில் தங்கி, படங்களையும் வீடியோவையும் நடிகர் தேர்வு செய்யும் உதவி இயக்குநர்களிடம் சேர்க்கலாம். மற்ற மாதங்களில் கூப்பிட்டால் போய்விட்டு வரலாம். மாலையிலோ இரவிலோ ராமேஸ்வரத்தில் ரயில் ஏறினால் மறுநாள் காலை சென்னை. ஆனால் காலை 9 மணி கால்ஷீட்டுக்கு அந்த ரயிலை நம்பக் கூடாது. காற்று வரம்பைத் தாண்டினால் பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்திவைப்பார்கள், மேக்கப்போ 7 மணிக்கே தொடங்கிவிடும். ஒரு நாள் முன்னால் போய்ச் சேர்வதுதான் கணக்கு.

மேனேஜர் போனில் கூப்பிட்டுப் பேசி முடித்ததும், அவருக்கே ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பிவிடச் சொல்லுங்கள்: 'வணக்கம் சார். 12, 13, 14 மூன்று நாள், தனுஷ்கோடி, படகு டிரைவர் வேடம், நாள் கணக்குச் சம்பளம், டப்பிங் தனி. 11-ம் தேதி இரவே வந்துவிடுவேன். தாடி அப்படியே வைத்திருக்கவா, எடுக்கவா?' அவர் 'ஓகே' என்று போட்ட பிறகு மச்சான் சம்மாட்டியிடம் அந்த மூன்று நாள் லீவு சொல்லிக்கொள்ளலாம்.